தில்லி ரிட்ஜின் குளிர்காலக் கணக்கு

தில்லி ரிட்ஜைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை நகரத்தின் நுரையீரல் என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள். அப்படிச் சொன்ன மாத்திரத்தில் அந்த மேட்டிலிருந்து நமக்கு வேண்டியது பச்சை ஒன்றுதான் என்றாகிவிடுகிறது. எந்தப் பச்சை, எந்த உயிருக்கான பச்சை என்ற கேள்வி பிறகு எழுவதே இல்லை. ஆரவல்லி மலைத்தொடர் வடக்கே ஓய்ந்து மண்ணுக்குள் இறங்கும் இடம் இது. தெற்கே பாட்டி, துக்ளகாபாத் பக்கம் அகலமாகத் தொடங்கி, நகருக்குள் குறுகி, வடக்கே யமுனைக் கரையை அடைவதற்குள் ஒரு கற்பட்டையாகத் தேய்ந்துவிடுகிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த குவார்ட்ஸைட் பாறை. அதன்மேல் கையளவு மண். 1994ஆம் ஆண்டு அறிவிக்கை இதில் ஏறத்தாழ 7,777 ஹெக்டேரைக் காப்புக்காட்டுக்கு உரியதாகக் குறித்தது. இந்த மேட்டுக்கு இரண்டு கணக்குப் புத்தகங்கள் உண்டு. ஒன்று, மரம் நட்டவர்களுடையது: எத்தனை ஏக்கர், எத்தனை கன்று, எவ்வளவு பசுமை. மற்றொன்று, நூறு ஆண்டுகளாகக் குளிர்கால விடியல்களில் இங்கே நடந்து பறவைகளைக் குறித்துவைத்தவர்களுடையது. ரிட்ஜ் எப்படிப்பட்ட நிலம் என்று தெரிந்துகொள்ள இரண்டாவது புத்தகமே நம்பகமான சாட்சி என்பது என் வாதம். மரக் கணக்கு ‘வெற்றிடம்’ என்று எழுதிய பாறையிலும் புல்லிலும் முட்புதரிலும்தான் அந்தச் சாட்சி பலமாகப் பேசுகிறது.

மரக் கணக்கின் கதையை முதலில் பார்க்கலாம். பதினான்காம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் இந்த மேட்டில் வேட்டை மாளிகைகள் கட்டினார். வடக்கு ரிட்ஜின் பீர் காயிப்பும் நடு ரிட்ஜின் மால்ச்சா மஹாலும் அதன் மிச்சங்கள். வேட்டைக்கு விலங்கு இருந்தது என்றால் மறைவும் மேய்ச்சலும் இருந்திருக்க வேண்டும்; அடர்ந்த கானகம் இருந்தது என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. 1857இல் ஜூன் முதல் செப்டம்பர் வரை பிரிட்டிஷ் படை வடக்கு ரிட்ஜில் முகாமிட்டு நகரத்தின்மேல் பீரங்கி குறிவைத்தது. மறு ஆண்டு புகைப்படக் கலைஞர் ஃபெலிசே பேயாட்டோ எடுத்த படங்களில் கொடிக்கோபுரத்தைச் சுற்றிப் பாறையும் தாழ்ந்த புதர்களும் திறந்த நிலமுமே தெரிகின்றன. அந்த மொட்டைத் தோற்றம் சிவில் லைன்ஸில் குடியேறிய வெள்ளை அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது. மைக்கேல் மான், சமிக்ஷா செஹ்ராவத் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 1883 முதல் 1913 வரை நடந்த காடு வளர்ப்பை ஆவணங்களின் வழியே பின்தொடர்கிறது. குடியிருப்பின் காட்சிக்காகவும் குளிர்ச்சிக்காகவும் சுற்றுக் கிராமத்தாரின் மேய்ச்சல் நிலம் அடைக்கப்பட்டது என்பது அதைப் படிப்பவருக்குத் தெளிவாகும். தலைநகர் கல்கத்தாவிலிருந்து இங்கே மாறியதும் அழகுக்கான தேவை இன்னும் கூடியது. ரெய்சினா குன்றில் எழவிருந்த வைஸ்ராய் மாளிகைக்குப் பின்னால் பச்சைத் திரை ஒன்று வேண்டியிருந்தது. 1913இல் ரிட்ஜின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பாறையில் நம்மூர் மரங்கள் மெல்லத்தான் வளரும். திட்டம் போட்டவர்களுக்குப் பொறுமை இல்லை. 1910களின் நடுவில் விலாயதி கீகர் வந்து சேர்ந்தது.

அந்த மரத்தைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கீகர் என்றால் கருவேலம், விலாயதி என்றால் சீமை. ராமநாதபுரத்துக்காரர் சூட்டிய பெயரையே, இடையில் எந்தத் தொடர்பும் இல்லாமல், தில்லிக்காரரும் சூட்டியிருக்கிறார். இந்தியாவுக்குள் அது நுழைந்த வழியும் அன்றைய சென்னை மாகாணம்தான். வனப் பாதுகாவலர் பெட்டோம் 1876இல் விதை கேட்டு எழுத, அடுத்த ஆண்டு ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் கடப்பா மாவட்டத்தில் ஊன்றப்பட்டன. வறண்ட நிலத்தில் விறகு கிடைக்கும் என்ற நல்ல எண்ணம்தான் அதற்குக் காரணம். மெக்சிகோவையும் தென்னமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இந்த மரத்துக்குத் தில்லியின் பாறையும் ஒரு பொருட்டில்லை. நெற்றை மாடும் மானும் தின்று சாணத்தோடு விதைத்தன. வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கியது. ஒரு தலைமுறைக்குள் நடு ரிட்ஜின் பெரும்பகுதி அதன் வசமாயிற்று. பிரதீப் கிருஷென் 2006இல் எழுதிய தில்லி மரங்கள் பற்றிய நூல் இந்த வரலாற்றைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. ரிட்ஜை ஆதிக்காடு என்று நம்பியிருந்த பலருக்கு அது ஒரு விழிப்பு.

இனி இரண்டாவது புத்தகம். வடஇந்தியப் பறவையியலின் தொடக்கம் துப்பாக்கியில்தான் இருந்தது. காங்கிரஸ் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம் பல்லாயிரம் பறவைகளின் உடல்களைச் சேகரித்து 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அந்தக் காலத்தில் சுட்டால்தான் பறவை ‘பதிவு’ ஆகும். தில்லிக்கென்று தனி நூல்வரிசை தொடங்குவது அதற்குப் பிறகுதான். பேசில்-எட்வர்ட்ஸ் 1926இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தில்லிப் பறவைகளைப் பற்றி எழுதினார். 1940களில் என்.எஃப். ஃப்ரோம் ஒரு பட்டியலை அதே இதழில் தந்தார். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943 முதல் 1945 வரை, தில்லியில் பணியிலிருந்த படைத்தலைவர் ஹட்சன் நாள்தோறும் குறிப்பெடுத்தார். போர்க்காலத் தலைமையகத்தில் உழைத்த ஒருவர் இத்தனை ஒழுங்காக நாட்குறிப்பு எழுதியது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 1950இல் தில்லிப் பறவை நோக்குச் சங்கம் பிறந்தது. காந்தியின் நண்பரான குவேக்கர் ஹோரஸ் அலெக்சாண்டரும், விடுதலைக்குப் பின்னும் இந்தியாவில் தங்கிவிட்ட பொறியாளர் படைத்தலைவர் ஹரால்ட் வில்லியம்ஸும் அதைத் தொடங்கிவைத்தார்கள். இந்திரா காந்தி அதன் தொடக்ககால உறுப்பினர். ஹட்சனின் குறிப்புகளை 1954இல் நூலாக்கியதும் இச்சங்கமே. அங்கிருந்து கோடு அறுபடவில்லை. உஷா கங்கூலியின் கையேடு அவர் மறைவுக்குப் பின் 1975இல் வெளிவந்தது. தவிட்டுக்குருவிக் கூட்டங்களை ஆராயத் தில்லியில் தங்கிய ஏ.ஜே. காஸ்டன், புது தில்லி ரிட்ஜில் எந்தப் பருவத்தில் எந்தப் பறவை என்பதையே பொருளாக எடுத்து 1978இல் ஒரு கட்டுரை தந்தார். வெளியுறவுத் துறைப் பணியில் உலகம் சுற்றிய சுதிர் வியாஸ் 1996இலும் 2019இலும் பட்டியலை விரித்துச் சரிபார்த்தார். இந்தியாவில் வேறெந்த நகரத்தின் ஓரக்காட்டுக்கும் இவ்வளவு நீண்ட, ஒன்றையொன்று திருத்திக்கொண்டு போகும் எழுத்து வாய்ப்பது அரிது.

இந்த எழுத்தில் குளிர்காலத்துக்கு ஏன் தனி இடம்? தில்லியின் கோடையில் ரிட்ஜில் இருப்பவை பெரும்பாலும் உள்ளூர்ப் பறவைகள். அவை நகரத்தின் தோட்டங்களிலும் தென்படும். செப்டம்பர் நடுவிலிருந்து வடக்கிலிருந்து வருபவை அப்படியல்ல. ஓர் இரவு முழுவதும் பறந்து விடியலில் இறங்கும் சிறு குருவிக்கு அந்த நிலத்தில் எந்தச் சொந்தமும் இல்லை. இடம் ஒத்துவந்தால் தங்கும், ஒத்துவராவிட்டால் போய்விடும். ஆகவே அது எங்கே தங்குகிறது என்பதே அந்த இடத்தைப் பற்றிய ஒரு தீர்ப்பு. இமயத்திலும் நடு ஆசியாவின் மலைகளிலும் கூடுகட்டும் ஹியூம் இலைக்கதிர்க்குருவி (ஹியூமின் பெயரை 1878இல் புரூக்ஸ் இதற்கு இட்டார்) மரங்களின் மேல்தட்டில் இலைக்கு இலை தாவிப் பூச்சி பொறுக்கும். ஐரோப்பாவிலிருந்து வரும் செம்மார்பு ஈப்பிடிப்பான் அதற்குக் கீழே, நிழலும் வெளியும் கலந்த தட்டில் உட்காரும். வெண்தொண்டைக் கதிர்க்குருவிக்கு முள் வேண்டும். வேலம், இலந்தை, கரீர் புதர்களுக்குள்ளிருந்து நாக்கைச் சொடுக்குவது போன்ற ஒலி மட்டும் வெளியே வரும். கறுப்பு ரெட்ஸ்டார்ட் எனப்படும் துடிவால் குருவி பாறையிலோ இடிந்த சுவரிலோ நின்று திறந்த தரையில் பூச்சியைக் கண்டு இறங்கும். மண்நிற நெட்டைக்காலிகளும் வீட்டியர்களும் கல்லும் கட்டைப்புல்லுமான வெளிகளை நாடுகின்றன. சில குளிர்காலங்களில் தெற்கே பாட்டிப் பக்கம் வெண்தலைப் பன்டிங் கூட்டங்கள் புல்விதை தேடி வரும். சில ஆண்டுகளில் வருவதே இல்லை. இந்த வரிசையில் உயரமான, மூடிய மரக்காடு வேண்டுபவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும். மற்றவற்றுக்கு முள், புல், பாறை, இடைவெளி. மரக் கணக்கில் இடமில்லாத நான்கும் இவைதான்.

சீமைக்கருவேலத்தின் கீழே நடப்பதும் இங்கேதான் பொருள்படுகிறது. அதன் நிழலும் உதிர்ந்த இலையும் வேரும் சேர்ந்து கீழே புல்லையும் புதரையும் வளரவிடுவதில்லை, தரை வெறுமையாகிறது. மேலே ஒரே உயரத்தில் ஒரே இலை, கீழே எதுவுமில்லை. ரிட்ஜின் பழைய மரங்களோ அடுக்கடுக்கானவை: பாறையிலேயே பற்றிக்கொள்ளும் தௌ, கும்டா, வெள்வேலம், புரசு, இவற்றுக்கிடையே இலந்தையும் கருஞ்சூரையும், அவற்றின் காலடியில் புல். கரீரில் பூவும், குளிர்காலத்தில் பழுக்கும் காட்டிலந்தையும், புல்லில் விதையும், புல்லடியில் பூச்சியும் உண்டு. நான்கு தட்டுகளிலும் உணவு இருந்தால் நான்கு வகைப் பறவைகள் ஒரே ஏக்கரில் சண்டையில்லாமல் குளிர்காலத்தைக் கழிக்கலாம். மரங்களின் எண்ணிக்கையைக் கூட்டி எழுதுகிறவருக்கு இந்தத் தட்டுகள் தெரியாது. பறவையைத் தேடுகிறவர் எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளும்போதே இவற்றையும் கற்றுக்கொண்டுவிடுகிறார்.

இந்தச் சாட்சியை அப்படியே ஏற்கலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குறிப்பெடுத்தவர்கள் யார்? படைத்தலைவர்கள், தூதர்கள், உயர் அதிகாரிகள், அவர்களுடைய குடும்பத்தார். விடியலில் ஓய்வாக நடக்க நேரமும், நல்ல இருநோக்கி வாங்கப் பணமும் இருந்தவர்கள். வீட்டுக்கு அருகே இருந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனார்கள்; அரிய பறவையைப் பக்கம் பக்கமாக எழுதி, காகத்தையும் கௌதாரியையும் ஒரு வரியில் முடித்தார்கள். 1940களின் பட்டியலையும் இன்றைய பட்டியலையும் எதிரெதிரே வைத்து எண்ணிக்கையைக் கழித்தால் கிடைப்பது பெரும்பாலும் நோக்கர்களின் எண்ணிக்கை மாறிய கதைதான். இன்னொரு குறை மேலும் ஆழமானது. எந்த வேலி மேய்ப்பர்களை வெளியேற்றியதோ அதே வேலிதான் நோக்கர்களுக்கு அமைதியான நடைபாதையைத் தந்தது. ஆடு மேய்த்தவர் அறிந்திருந்த பறவை வழக்கை யாரும் எழுதிவைக்கவில்லை. இந்தக் குறைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் இக்குறிப்புகளிலிருந்து நான் எடுக்கக் கேட்பது எண்ணிக்கையை அல்ல, இடத்தை. எந்தப் பறவையை எந்தப் புதரில், எந்தத் தரையில், எந்த மாதத்தில் கண்டார்கள் என்ற செய்தியில் அதிகாரிக்கும் மாணவருக்கும் வேறுபாடில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் அதே இடத்தில் போய்ச் சரிபார்க்கலாம், சரிபார்த்தும் வந்திருக்கிறார்கள். ஒழுங்கான முறையோடு செய்த எண்ணிக்கைகளும் இல்லாமல் இல்லை. சோவியத் அறிவியலாளர் கலூஷின் 1960களின் பிற்பகுதியில் தில்லியில் 150 சதுர கிலோமீட்டர் பரப்பில் வேட்டைப் பறவைகளின் கூடுகளை எண்ணினார். சுமார் 2,400 இணைக் கரும்பருந்துகளும் சுமார் 400 இணை வெண்முதுகுப் பாறுகளும் அவர் கணக்கில் வந்தன. பிறகு கால்நடைகளுக்குத் தந்த டைக்ளோஃபினாக் மருந்தால் பாறுகள் மடிந்தபோது, இழப்பின் அளவைச் சொல்ல அந்தக் கணக்கு இருந்தது. தில்லியின் பாறுகளைப் பற்றி மரக் கணக்கில் ஒரு வரியும் கிடையாது.

இரண்டாவது மறுப்பு சீமைக்கருவேலத்தின் சார்பில் வருவது. அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. குளிரின் உச்சத்தில் தௌவும் புரசும் இலை மெலிந்து நிற்கும்போது சீமைக்கருவேலம் பச்சையாக இருக்கிறது. அதன் கிளைகளில் இலைக்கதிர்க்குருவிகள் இரை தேடுவது உண்மை. வெண்தொண்டைக் கதிர்க்குருவியும் அந்த முள்ளை ஒதுக்குவதில்லை. அதைவிட, நிலத்தைக் காத்தது அது. சாலையும் குடியிருப்பும் படைமுகாமும் நாலாபுறமும் கடித்துக்கொண்டிருந்த காலத்தில், மரம் அடர்ந்த இடம் என்பதாலேயே ரிட்ஜின் சில பகுதிகள் தப்பின. வெறும் பாறையாகத் தெரிந்திருந்தால் யாரும் குரல் கொடுத்திருக்க மாட்டார்கள். 1979இல் பள்ளி, கல்லூரி மாணவர்கள் ரிட்ஜைக் காக்கத் தெருவில் இறங்கியபோதுதான் கல்பவிருக்ஷ் என்ற அமைப்பு பிறந்தது. அவர்கள் காத்ததிலும் பாதிக்கு மேல் இந்த மரம்தான். இதை ஒப்புக்கொண்ட பிறகும் என் வாதம் நிற்கிறது. சீமைக்கருவேலத்தில் இலைக்கதிர்க்குருவி இருக்கிறது என்பது அங்கே கௌதாரியும் நெட்டைக்காலியும் பன்டிங்கும் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதிலாகாது. கடைத்தெருவில் ஒரு கடை திறந்திருப்பதால் ஊரில் சந்தை நடக்கிறது என்று சொல்ல மாட்டோம். வெளிநாட்டு மரங்களை நம் காடுகளில் நடுவதை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தெழுதிய மா. கிருஷ்ணனும், நிலத்துக்கு உரிய மரத்தை வைத்தே அதன் உயிர்களைப் பேச வேண்டும் என்று வற்புறுத்தினார். ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலத்தின் அடியில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இருப்பதால் அங்கே இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. தில்லியில் அந்தச் சிக்கல் குறைவு. அங்கே இந்த மரத்தை நம்பிப் பிழைப்பவர்கள் அதிகம் இல்லை. காட்சிக்காக வந்தது, காட்சியாகவே நிற்கிறது.

மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கடினமானது. பேயாட்டோவின் படத்திலிருக்கும் மொட்டைப் பாறை இயற்கையானது என்று எப்படிச் சொல்வது? ஷாஜகானாபாத்தின் அடுப்புகளுக்கு இருநூறு ஆண்டுகள் விறகு போனது; முற்றுகையின் மூன்று மாதங்களில் படை வெட்டியதும் உண்டு; மந்தைகளும் இடைவிடாமல் மேய்ந்தன. அப்படியானால் புதர்நிலம் என்பது சிதைந்த காடு, அதைப் போற்றுவது காயத்தைப் போற்றுவது அல்லவா? இதற்கு ‘ஆதி’ என்ற சொல்லை வைத்துப் பதில் தேடினால் முடிவே இருக்காது. பாறையையும் மழையையும் வைத்துத் தேடலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி மூன்று மாதங்களில். மீதி மாதங்களில் வறட்சி, மேயில் அனல்காற்று. கீழே நீரைத் தேக்காத குவார்ட்ஸைட். சேம்பியனும் சேத்தும் 1968இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இத்தகைய நிலத்தை முள்காட்டு வகையில் சேர்த்தார்கள். முள்காடு என்பதிலேயே இடைவெளி அடங்கியிருக்கிறது: மரம், புதர், புல், பாறை எல்லாம் கலந்து, எங்கும் முழுதாக மூடாத காடு. விறகுவெட்டு அதை மெலிய வைத்திருக்கலாம். வெட்டு நின்றாலும் அது மழைக்காடாகியிருக்காது. தௌக் கூட்டங்கள் பள்ளங்களில் அடர்ந்தும், மேட்டின் முகட்டில் புல்லும் கல்லுமாகவும் இருந்திருக்கும். குளிர்காலப் பறவைகளின் தேர்வும் இதையே சொல்கிறது. நெட்டைக்காலியின் மண்நிறமும் வீட்டியரின் தரையோட்டமும் இத்தகைய நிலங்களில் மிக நீண்ட காலம் வாழ்ந்ததன் அடையாளங்கள்.

இதற்குத் தெற்கு ரிட்ஜில் நல்ல சான்று கிடைக்கிறது. அசோலா 1986இல் சரணாலயமானது. அதை ஒட்டிய பாட்டியில் பதர்பூர் மணல் என்று கட்டடக்காரர்கள் சொல்லும் செம்மணலுக்காகத் தோண்டிய ஆழ்குழிகள் இருந்தன. சுரங்கம் மூடப்பட்டதும் 1991இல் அதுவும் சரணாலயத்தோடு சேர்ந்தது. அங்கே நிலம் காயப்பட்டதில் ஐயமில்லை. ஆனாலும் குழிகளின் செங்குத்துச் சுவர்களும், நீர் தங்கிய பள்ளங்களும், விளிம்பின் புல்வெளியும் திறந்தபடி இருந்ததால், அடர்த்தியாக நடப்பட்ட நடு ரிட்ஜில் கிடைக்காத பறவைகள் அங்கே கிடைக்கின்றன. தில்லிப் பறவை நோக்கர்கள் டிசம்பரிலும் ஜனவரியிலும் நகரின் நடுவிலுள்ள காட்டைத் தாண்டி இத்தனை தொலைவு தெற்கே போவதற்கு வேறு காரணம் இல்லை.

இப்போது நடு ரிட்ஜில் சீமைக்கருவேலத்தை அகற்றும் பேச்சு நடக்கிறது. சூழலியலாளர் சி.ஆர். பாபு முன்வைக்கும் வழி, மரத்தை ஒரேயடியாக வெட்டுவதில்லை. தாழ்ந்த கிளைகளைக் கழித்து, கூரையை உயர்த்தி, வெளிச்சம் இறங்கும் இடத்தில் நம் மரங்களையும் புதர்களையும் ஊன்றி, அவை எழுந்த பின் பழையதை மெல்ல விலக்குவது. இலைக்கதிர்க்குருவிகளின் ஒரு குளிர்காலத்தைக்கூடப் பறிக்காமல் செய்யக்கூடிய வழி என்பதால் எனக்கு அது சரியாகப் படுகிறது. என் கவலை வேறு. கன்றுகளின் எண்ணிக்கையும் பிழைத்த சதவீதமும்தான் மீண்டும் வெற்றிக்கு அளவாகுமானால், 1883இல் தொடங்கிய அதே புத்தகத்தில் இன்னொரு பக்கம் எழுதியதாகும். புல்லுக்கென்று விட்ட இடத்தைக் கணக்குப் பார்ப்பவர் ‘நடப்படாதது’ என்று குறித்துவிடுவார், அடுத்த ஆண்டு அங்கேயும் குழி தோண்டப்படும். வேலை தொடங்கும் ஒவ்வொரு துண்டு நிலத்திலும், தொடங்குவதற்கு முந்தைய குளிர்காலத்தில், மூன்று காலைகளாவது நோக்கர்கள் நடந்து குறிப்பெடுக்கட்டும்: எந்தப் பறவை, எந்தத் தட்டில், எந்தச் செடியில், எந்தத் தரையில். பத்து ஆண்டுகள் கழித்து ஒரு ஜனவரிக் காலையில் மால்ச்சா மஹாலின் இடிந்த சுவரருகே அதே பாதையில் நடப்பவர், கூரைக்கு மேலே கேட்கும் கதிர்க்குருவிக் குரலோடு, காலடிப் புல்லிலிருந்து நெட்டைக்காலி எழுந்து பறந்ததா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுத வேண்டும்.